முப்பது பேர் போதுமா?

முதுகலை உளவியலில் ஆய்வுமுறைப் பாடத்தோடு, பாடத்திட்டத்தில் இல்லாத ஒரு விதியும் கைமாறுகிறது: குழுவுக்கு முப்பது பேர் இருந்தால் டெசர்டேஷனுக்குப் போதும். சீனியர் சொல்கிறார், கைடு தலையாட்டுகிறார், வைவாவில் யாரும் கேட்பதில்லை. கூகுள் ஃபார்மில் அறுபதாவது பதில் விழுந்த அன்றே டேட்டா சேகரிப்பு முடிந்துவிடுகிறது. எந்தப் புத்தகத்தில் இப்படி எழுதியிருக்கிறது என்று ஒருவரும் தேடிப் பார்ப்பதில்லை.

முப்பது வந்த வழி வேறு. டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் 1908இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். டி சோதனை அதிலிருந்து பிறந்தது. 3000 குற்றவாளிகளின் உயரத்தையும் நடுவிரல் நீளத்தையும் அட்டைத் துண்டுகளில் எழுதி, குலுக்கி எடுத்து, நான்கு நான்காகப் பிரித்து, 750 மாதிரிகளில் தம் கணக்கைச் சரிபார்த்தார். மாதிரிக்கு நான்கே பேர்! சரியான அட்டவணை இருந்தால் சிறு மாதிரியிலும் கணக்குப் பிசகாது என்பதுதான் அவர் காட்டியது. மாதிரி முப்பதை எட்டும்போது டி அட்டவணையின் எல்லை 2.04 அளவுக்கு இறங்கி, இயல்நிலைப் பரவலின் 1.96ஐ நெருங்கிவிடும். அதற்கு மேல் எந்த அட்டவணையைப் பார்த்தாலும் பெரிய வித்தியாசமில்லை என்று பாடநூல்கள் சலுகை கொடுத்தன. அட்டவணை பார்க்கக் கொடுத்த சலுகையை ஆள் சேர்க்கும் விதியாக்கியது பிற்பாடு வந்த சோம்பல்.

எத்தனை பேர் வேண்டும் என்பது, தேடும் விளைவு எவ்வளவு பெரியது என்பதைப் பொறுத்தது. மூச்சுப்பயிற்சி தேர்வு பயத்தைக் குறைக்கிறதா என்று பார்க்க, முப்பது பேருக்குப் பயிற்சி, முப்பது பேருக்கு இல்லை என்று வைத்துக்கொள்ளலாம். பயிற்சிக்கு உண்மையிலேயே பலன் உண்டு. இரு குழுச் சராசரிகளுக்கும் அரைத் திட்டவிலக்க அளவு இடைவெளி. உளவியலாளர் ஜேக்கப் கோஹென் 'நடுத்தரம்' என்று வகுத்த விளைவு இது. அதை 0.05 அளவுகோலில் இந்த அறுபது பேரின் ஆய்வு கண்டுபிடிக்க உள்ள வாய்ப்பு சுமார் 48 சதவீதம். காசைச் சுண்டிப் பார்த்திருக்கலாம். மூன்று மாதம் மிச்சம். 80 சதவீத வாய்ப்பு வேண்டுமானால் குழுவுக்கு 64 பேர். விளைவு சிறியது, ஐந்தில் ஒரு திட்டவிலக்கம்தான் என்றால் குழுவுக்கு 394 பேர். மொத்தமே முப்பது போதும் என்று விதியை இன்னும் சுருக்கி, பதினைந்து பதினைந்தாகப் பிரிப்பவர்களும் உண்டு. அவர்களுக்கு நடுத்தர விளைவு அகப்படும் வாய்ப்பு நான்கில் ஒன்று.

இது புதுச் செய்தியும் அல்ல. உளவியல் இதழ் ஒன்றின் 1960ஆம் ஆண்டுக் கட்டுரைகளை கோஹென் அலசி 1962இல் வெளியிட்டபோது, நடுத்தர விளைவைக் கண்டுபிடிக்க அவற்றுக்கு இருந்த சராசரி வாய்ப்பும் 48 சதவீதம்தான். அறுபது ஆண்டுகளுக்கு மேலாகியும் வகுப்பறைக்குச் சேதி வரவில்லை.

"சின்ன மாதிரியிலேயே விளைவு தெரிந்துவிட்டதே, அப்படியானால் அது பலமான விளைவுதானே" என்ற வாதம் இன்னும் மோசம். முப்பதுக்கு முப்பது ஆய்வில் இடைவெளி 0.52 திட்டவிலக்கத்தைத் தொட்டால்தான் முடிவு 0.05க்குக் கீழே வரும். உண்மை விளைவு 0.2 என்றால், 'வெற்றி' பெறும் ஒவ்வொரு ஆய்வும் அதை இரண்டரை மடங்குக்கு மேல் ஊதித்தான் சொல்லியாக வேண்டும். 2015இல் வெளியான கூட்டு முயற்சியில் 100 உளவியல் ஆய்வுகள் மறுபடி நடத்தப்பட்டன. மூல ஆய்வுகளில் 97 சதவீதத்தின் முடிவு 0.05க்குக் கீழே இருந்தது, மறுமுறை அப்படி வந்தவை 36 சதவீதம். விளைவின் அளவும் சராசரியாகப் பாதிக்குச் சரிந்தது. காரணம் பல, ஊதிப் பெருத்த சிறு மாதிரிகள் அவற்றில் முக்கியமானவை.

முப்பது போதுமான இடங்களும் உண்டு. விளைவு 0.8 திட்டவிலக்கம் என்றால் குழுவுக்கு 26 பேரே போதும். ஒரே ஆளை இரு நிலைகளிலும் சோதிக்கும் ஆய்வுகளுக்கும் ஆள் குறைவு. 'சிவப்பு' என்ற சொல்லைப் பச்சை மையில் காட்டி, மையின் நிறத்தைச் சொல்லச் சொல்லும் ஸ்ட்ரூப் சோதனையில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களிடமே தடுமாற்றம் தெரிந்துவிடும். ஆனால் அங்கேயும் முப்பது என்பது கணக்குப் போட்டு வந்த எண்ணாக இருக்க வேண்டும். ஜி பவர் மென்பொருள் இலவசம். கணக்குக்கு ஐந்து நிமிடம்.

ஆய்வுமுறையைப் பற்றி உலவும் மற்ற நம்பிக்கைகளுக்கு இவ்வளவு இடம் தேவையில்லை. பி மதிப்பு 0.04 வந்தால் கருதுகோள் 96 சதவீதம் உண்மை என்பது தவறு. விளைவே இல்லாத உலகில் இந்த அளவோ இதைவிடப் பெரிதோ ஆன வித்தியாசம் எவ்வளவு அரிது என்பதை மட்டுமே அது சொல்கிறது. கிரோன்பாக் ஆல்ஃபா 0.9 என்றால் ஸ்கேல் சரியானதை அளக்கிறது என்பதும் தவறு. ஒரே கேள்வியைப் பத்து விதமாகக் கேட்டாலும் ஆல்ஃபா எகிறும். கணக்குக்குப் பயந்தவர்கள் நேர்காணல் ஆய்வுக்குப் போகலாம் என்பது, ஒரு மணி நேரப் பேச்சைக் கேட்டு எழுதிப் பார்க்காதவர்கள் சொல்வது. எஸ்.பி.எஸ்.எஸ். மென்பொருள் எந்தச் சோதனை பொருத்தம் என்று யோசிக்காது. அழுத்திய பட்டனுக்கு விடை தரும்.

ஆள் கிடைப்பதில்லை என்ற குறை நியாயமானது. ஆனால் வகுப்பில் இருபது பேர் இருபது தலைப்பில் ஆளுக்கு அறுபது பேரைத் துரத்துவது அதற்கு மருந்தாகாது. அதே இருபது பேர் ஒரே ஆய்வுக்கு ஆளுக்கு நாற்பது பேரைச் சேர்த்தால் 800. சிறு விளைவுக்கு வேண்டிய 788ஐ அது தாண்டிவிடும். தனித்தனி தலைப்பு கட்டாயம் என்று பல்கலைக்கழகம் சொன்னால், பொதுக் கேள்வித்தாளோடு ஒவ்வொருவரும் தம் ஸ்கேல் ஒன்றைச் சேர்த்துக்கொண்டு தம் கேள்விக்குத் தனியாக விடை எழுதலாம். டேட்டா பொது, டெசர்டேஷன் அவரவருடையது.