மழைக் கணக்கு யாருக்குச் சொந்தம்?

நம் கல்வராயன் மலையில் பெய்யும் மழை மலையோடு நின்றுவிடுவதில்லை. கோமுகியாகவும் மணிமுத்தாறாகவும் இறங்கி, வயல்களைக் கடந்து, வெள்ளாற்றில் கலந்து, பரங்கிப்பேட்டை அருகே கடலை அடைகிறது. நீர் இப்படி ஊர் விட்டு ஊர் செல்லும்போது, அதன் கணக்கு மட்டும் ஓர் அலுவலகப் பதிவேட்டில் முடங்கிக் கிடக்கலாமா?

முதலில் கணக்கு எடுக்கும் முறையைக் காண்போம். ஒரு மில்லிமீட்டர் மழை என்றால் ஒரு சதுர மீட்டர் தரையில் ஒரு லிட்டர் நீர். ஒரு ஹெக்டேரில் அதுவே 10,000 லிட்டர்! நாடு முழுவதும் காலை 8.30 மணிக்கே மழைமானியைப் பார்க்கிறார்கள். முதல் நாள் 8.30 முதல் பெய்தது அன்றைய கணக்கு. ஆளுக்கொரு நேரத்தில் அளந்தால் இரண்டு ஊர்களை ஒப்பிடவே இயலாது. 1875-இல் தோன்றிய இந்திய வானிலை ஆய்வுத் துறையால் நமக்குக் கிடைத்த பெரும் பயன் இந்த ஒழுங்கே என்பேன்.

இனி ஓர் உண்மை நிகழ்ச்சி. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மறுநாள் காலைக் கணக்கில் மயிலத்தில் 51 செ.மீ. மழை. டிசம்பர் 2 காலைக் கணக்கில் ஊத்தங்கரையில் 50 செ.மீ. ஊத்தங்கரை எங்கே, நாம் எங்கே என்று கேட்பீர்கள். அங்கே பெய்யும் மழை பாம்பாற்றின் வழியே தென்பெண்ணையில் சேர்ந்து சாத்தனூர் அணைக்கு வருகிறது. அணையோ நிறையும் நிலையில் இருந்தது. அன்று விடியுமுன் வினாடிக்கு 1,68,000 கன அடி நீர் வெளியேற்றப்பட்டது. நம் மாவட்டத்துத் திருக்கோவிலூரைக் கடந்து, விழுப்புரம், கடலூர் வரை வெள்ளம் பாய்ந்தது. ஐந்து முறை எச்சரித்ததாக அரசு கூறியது. போதிய முன்னறிவிப்பு இல்லை என்றன எதிர்க்கட்சிகள். அந்த வழக்கைத் தீர்ப்பது நம் பாடமன்று. ஊத்தங்கரை மழைமானியின் எண், திருக்கோவிலூர் ஆற்றங்கரையில் குடியிருக்கும் தாய்க்குச் சில மணி நேரம் முன்பே கிடைக்கக்கூடிய செய்தி. அது அவளிடம் போய்ச் சேர்ந்ததா என்பதே கேள்வி.

2024-இல் வந்த 'டி.என். அலெர்ட்' என்னும் கைப்பேசிச் செயலியில் அன்றாட மழையளவையும் அணைகளின் நீர்மட்டத்தையும் எவரும் காணலாம். நன்று. ஆனால் மலைநாட்டில் மழைமானிகள் நெருக்கமாக இருக்க வேண்டும். வெள்ளிமலையில் கொட்டும்போது கச்சிராயபாளையத்தில் தூறல்கூட இல்லாதிருக்கலாம்.

ஒரு நாள் மழை வானிலை. முப்பது ஆண்டுச் சராசரியே காலநிலை. மரவள்ளி நடுவதா, சாமை விதைப்பதா என்று மலை விவசாயி முடிவு செய்ய நீண்ட நாள் கணக்கு வேண்டும். திருத்தந்தை பிரான்சிஸ் 2015-இல் வெளியிட்ட 'லவுதாத்தோ சீ' மடலில், காலநிலை அனைவருக்குமான பொது நன்மை என்று கற்பித்தார். அப்படியானால் அதை அளந்த எண்களும் பொதுவே அல்லவா?

நம் பள்ளியிலும் தொடங்கலாம். பக்கங்கள் நேராக உள்ள பாத்திரம் ஒன்றும் ஓர் அளவுகோலும் போதும். மரத்தடியிலோ சுவரோரத்திலோ வைக்கலாகாது. காலை 8.30-க்கு அளந்து, எழுதி, நீரைக் கொட்டிவிட வேண்டும். மழையே பெய்யாத நாளிலும் மறவாமல் '0' என்று எழுதுங்கள். வெறுமையாக விட்டால், மழை பெய்யவில்லையா, பார்க்க வேண்டியவள் அன்று வரவில்லையா என்பது பின்னால் படிப்பவருக்குத் தெரியாது.