'மாட்டேன் போ!' - இரண்டு வயதுப் பிள்ளையைச் சமாளிப்பது எப்படி?

உங்கள் வீட்டில் இரண்டு வயதுப் பிள்ளை இருக்கிறதா? அப்படியானால் வீட்டில் இப்போது அதிகம் கேட்கிற வார்த்தை எது என்று நாங்களே சொல்லிவிடுவோம். 'மாட்டேன்!' குளிக்க வா என்றால் மாட்டேன். சாப்பிடு என்றால் மாட்டேன். சரி, வேண்டாம் என்று தட்டை எடுத்தால் அதற்கும் மாட்டேன்!

போன தீபாவளிக்கு இடுப்பில் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்த பிள்ளைதான். இன்றைக்கு விளாத்திகுளம் பஜாரில், நாலு பேர் பார்க்க, தரையில் விழுந்து காலை உதைக்கிறது. உடனே அக்கம்பக்கத்தில் நிற்பவர்கள் எல்லாம் டாக்டர் ஆகிவிடுவார்கள். "முதுகுல ரெண்டு போடும்மா, சரியாப் போகும்" என்பார் ஒருவர். "கேக்குறத வாங்கிக் குடுத்துருங்களேன், பாவம் சின்னப் புள்ள" என்பார் இன்னொருவர். நடுவில் நிற்கிற அம்மாவுக்கு முகம் சுண்டிப்போய், அழுகையே வந்துவிடும் போல இருக்கும்.

இந்த இரண்டு வைத்தியமும் வேண்டாம். பிறகு என்னதான் செய்வது? ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

ஏன் இந்த அடம்?

இரண்டு வயதில் பிள்ளைக்கு ஓடத் தெரியும், நாற்காலியில் ஏறத் தெரியும், கதவைத் திறக்கத் தெரியும். என்ன வேண்டும் என்பதும் நன்றாகத் தெரியும். ஆனால் அதைச் சொல்ல வார்த்தை போதாது. இந்த வயதில் சுமார் 50 வார்த்தைகள், 'அம்மா வா', 'பால் வேணும்' என்று இரண்டிரண்டாகச் சேர்த்துப் பேசுவது, அவ்வளவுதான் கைவசம். மனசில் நூறு ஆசை, வாயில் ஐம்பது வார்த்தை. மீதி ஐம்பதும் அழுகையாக வருகிறது.

இன்னொன்று, கோபத்தை அடக்கிக்கொள்ள உதவுவது மூளையின் முன்பகுதி. அது முழுசாக வளர்ந்து முடிய இருபது வயதுக்கு மேலும் ஆகும். அப்படியிருக்க, "கொஞ்சம் பொறுமையா இருக்கக் கூடாதா?" என்று இரண்டு வயதிடம் கேட்பது நியாயமா, சொல்லுங்கள்!

'நான் வேற, அம்மா வேற' என்பது பிள்ளைக்கு இப்போதுதான் புரிகிறது. அதைச் சோதித்துப் பார்க்கிற வார்த்தைதான் 'மாட்டேன்'. அது வளர்ச்சி. உங்கள் வளர்ப்பு சரியில்லை என்பதற்கு அது சாட்சி அல்ல.

அடம் வருவதற்கு முன்பே...

அடம் பிடிப்பதில் பாதி, பசியிலும் தூக்கத்திலும் வருவது. கரிசல் மண்ணில் சித்திரை, வைகாசி வெயில் எப்படி என்று உங்களுக்குச் சொல்ல வேண்டாம். அந்த வெயிலில், பிள்ளை தூங்குகிற நேரமாகப் பார்த்துக் கோவில்பட்டிக்கு பஸ் ஏறினால் ரகளை நிச்சயம். தூங்கி எழுந்து, வயிறு நிறைந்த பிறகு கிளம்புங்கள். கையில் தண்ணீரும் ஒரு வாழைப்பழமும் இருக்கட்டும்.

'வேண்டாம்' என்று பதில் வரக்கூடிய கேள்வியைக் கேட்காதீர்கள். "சட்டை போடுறியா?" என்றால் 'மாட்டேன்'தான் வரும். "சிவப்புச் சட்டையா, நீலச் சட்டையா?" என்று கேளுங்கள். பிள்ளைக்குத் தானே முடிவு செய்த சந்தோஷம், உங்களுக்கு வேலை முடிந்த சந்தோஷம்.

விளையாட்டை வெடுக்கென்று நிறுத்தாதீர்கள். "இன்னும் ரெண்டு தடவை சறுக்கிட்டு வீட்டுக்குப் போவோம்" என்று முன்கூட்டியே சொல்லுங்கள். சொன்னபடி இரண்டாவது தடவை முடிந்ததும் கிளம்பிவிடுங்கள்.

'ஓடாதே' என்பதைவிட 'மெல்ல நட' என்பது பிள்ளைக்குச் சீக்கிரம் புரியும். எதைச் செய்யக் கூடாது என்பதைவிட, எதைச் செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள்.

அடம் பிடிக்கும்போது...

முதலில் பிள்ளை விழுந்து கிடக்கிற இடம் பத்திரமானதா என்று பாருங்கள். ரோடு, அடுப்பு, படிக்கட்டு என்றால் பேசாமல் தூக்கி வேறு இடத்துக்குக் கொண்டு போங்கள். பிறகு நீங்களும் கீழே உட்கார்ந்து, "மிட்டாய் வேணும், அதான் கோவம் வந்துட்டு, என்ன?" என்று ஒரே ஒரு தடவை சொல்லுங்கள். அதற்கு மேல் உபதேசம் வேண்டாம். அழுகிற பிள்ளையின் காதில் நியாயம் ஏறாது.

பக்கத்திலேயே இருங்கள். கேட்ட பொருளை மட்டும் கொடுக்காதீர்கள். பெரும்பாலும் சில நிமிடங்களில் புயல் ஓய்ந்துவிடும். ஓய்ந்ததும் அள்ளி அணைத்துக்கொள்ளுங்கள். "இனிமே இப்படிச் செய்வியா?" என்ற விசாரணை வேண்டாம்.

பத்து நிமிடம் மறுத்துவிட்டு, பதினோராவது நிமிடம் கொடுத்தால் என்ன ஆகும்? 'பதினோரு நிமிஷம் அழுதா கிடைக்கும்' என்று பிள்ளை பாடம் படித்துக்கொள்ளும். கொடுப்பதாக இருந்தால் முதலிலேயே சிரித்துக்கொண்டு கொடுத்துவிடுங்கள். இல்லை என்றால் கடைசி வரை இல்லை.

சில பிள்ளைகள் வீறிட்டு அழும்போது மூச்சை அடக்கி, உதடு நீலமாகி, துவண்டுவிடும். பார்க்கிற தாய்க்கு உயிரே போய்விடும்! அநேகமாக ஒரு நிமிடத்துக்குள் மூச்சு தானாகத் திரும்பிவிடும். ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். உலுக்குவது, வாயில் தண்ணீர் ஊற்றுவது கூடாது. முதல் தடவை இப்படி வந்தால் டாக்டரிடம் காட்டி, வேறு கோளாறு இல்லை என்று உறுதி செய்துகொள்ளுங்கள். ரத்தசோகை இருந்தால் இது அடிக்கடி வரும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் செய்யச் சொல்வார்கள்.

ஒரு வீடு, நாலு சட்டம்!

நம் வீடுகளில் நிஜமான சிக்கல் இங்கேதான். அம்மா "டி.வி. போதும்" என்று அணைப்பாள். "ஏம்மா, சின்னப் புள்ளைய ஏன் அழ வைக்கே?" என்று ஆச்சி போட்டுவிடுவார். சாயங்காலம் அப்பா வந்து இருவரையும் சேர்த்துச் சத்தம் போடுவார். தாத்தா சத்தமில்லாமல் கடைக்குக் கூட்டிப்போய் மிட்டாய் வாங்கிக் கொடுப்பார். பிள்ளை எல்லாவற்றையும் கவனித்துக்கொண்டிருக்கும். யாரிடம் எவ்வளவு அழ வேண்டும் என்ற கணக்கு அதற்கு ஒரு வாரத்தில் அத்துப்படி!

ஆச்சியின் பாசத்தைக் குறை சொல்ல முடியாது. அந்த மடி இல்லாவிட்டால் பல தாய்மாருக்கு நிம்மதியாகக் குளிக்கக்கூட முடியாது. ஆனால் பெரியவர்கள் எல்லாரும் ஒரு நாள், பிள்ளை தூங்கிய பிறகு, உட்கார்ந்து பேசுங்கள். முப்பது சட்டம் வேண்டாம், மூன்றே மூன்று போதும். யாரையும் அடிக்கவோ கடிக்கவோ கூடாது. அடுப்பு, தண்ணீர், ரோடு பக்கம் தனியாகப் போகக் கூடாது. தூங்குகிற நேரத்தில் டி.வி.யும் செல்போனும் கிடையாது. இந்த மூன்றில் யாரும் விட்டுக்கொடுக்கக் கூடாது. மற்றதில் ஆச்சி, தாத்தா கொஞ்சம் செல்லம் கொடுத்தால் குடி முழுகிப்போகாது.

மருமகள் மறுத்ததை மாமியார் பிள்ளைக்கு முன்னால் மாற்ற வேண்டாம். மாமியார் சொன்னதை மருமகளும் பிள்ளைக்கு முன்னால் வெட்டிப் பேச வேண்டாம். மாற்றுக் கருத்து இருந்தால் அடுக்களையில் வைத்துக்கொள்ளலாம்.

பூச்சாண்டியும் வேண்டாம், பிரம்பும் வேண்டாம்

"சாப்பிடலன்னா போலீஸ் பிடிச்சிட்டுப் போயிரும்", "டாக்டர் ஊசி போட்டுருவாரு" என்று பயமுறுத்துவது சுலபம். அப்புறம் காய்ச்சல் வந்து ஆஸ்பத்திரிக்குப் போனால், டாக்டரைப் பார்த்ததுமே பிள்ளை அலறும். தொண்டையைப் பார்க்கக்கூட வாய் திறக்காது. கூட்டத்தில் தொலைந்துபோனாலும் போலீஸ்காரரிடம் போகாமல் ஓடி ஒளியும்.

அடித்தால் பிள்ளை அப்போதைக்கு அடங்கும், நிஜம்தான். ஆனால் 'பெரிசா இருக்கிறவங்க சின்னவங்களை அடிக்கலாம்' என்பதைத்தான் கற்றுக்கொள்ளும். மறுநாள் சித்தி வீட்டுக் கைக்குழந்தையைக் கிள்ளும். அப்போது "அடிக்கக் கூடாது" என்று எந்த வாயால் சொல்வீர்கள்?

உங்கள் கோபத்துக்கு என்ன மருந்து?

விளாத்திகுளம் பக்கம் வீட்டுக்காரர் தூத்துக்குடியிலோ திருப்பூரிலோ வளைகுடா நாட்டிலோ வேலை பார்க்க, பிள்ளையோடு தனியாக அல்லாடுகிற பெண்கள் நிறையப் பேர். இரவில் தூக்கம் இல்லை, பகலில் ஓய்வு இல்லை. ஒரு கட்டத்தில் கை ஓங்கிவிடுகிறது.

அந்த நிமிடம் வந்தால் பிள்ளையைப் பத்திரமான இடத்தில் உட்கார வைத்துவிட்டு, அடுத்த அறைக்குப் போய் முகம் கழுவி, இருபது வரை எண்ணுங்கள். இரண்டு நிமிடம் அழுதால் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது. எந்தக் கோபத்திலும் பிள்ளையைப் பிடித்து உலுக்காதீர்கள். மென்மையான மூளைக்குள் ரத்தக் கசிவு ஏற்பட்டு உயிருக்கே ஆபத்தாகலாம்.

பக்கத்து வீட்டு மதினியிடம் "அரை மணி நேரம் பார்த்துக்கோங்க" என்று கேட்பதில் வெட்கம் எதற்கு? வெளியூர் அப்பாக்களுக்கும் ஒரு வார்த்தை: போனில் "புள்ள சாப்பிட்டானா?" என்று கேட்பதோடு "நீ சாப்பிட்டியா, தூங்குனியா?" என்றும் கேளுங்கள். எதிலும் பிடிப்பில்லாமல், அழுகை அழுகையாக இரண்டு வாரத்துக்கு மேல் இருந்தால் அந்தத் தாயையும் டாக்டரிடம் காட்ட வேண்டும்.

சாப்பாட்டுச் சண்டை

முதல் வருடத்தில் எடை மூன்று மடங்காகும். 3 கிலோவில் பிறந்தது 9 கிலோ ஆகிவிடும். அதன்பின் வருடத்துக்கு இரண்டு, இரண்டரை கிலோதான் கூடும். வளர்ச்சி வேகம் குறைவதால் பசியும் குறைகிறது. இரண்டு வயதில் ஆண் பிள்ளை சுமார் 12 கிலோவும் பெண் பிள்ளை சுமார் 11½ கிலோவும் இருப்பது நடுத்தரம். அங்கன்வாடியில் எடை போட்டு வரைபடத்தில் குறிப்பார்கள். கோடு மேலே ஏறிக்கொண்டிருந்தால் கவலையை விடுங்கள்.

என்ன உணவு, எப்போது என்பது உங்கள் பொறுப்பு. எவ்வளவு என்பதைப் பிள்ளை முடிவு செய்யட்டும். மூன்று வேளை சாப்பாடு, இடையில் இரண்டு தடவை பழமோ சுண்டல் மசியலோ கொடுங்கள். இட்லி, கம்பங்கூழ், கேழ்வரகுக் களி, முட்டை, முருங்கைக்கீரை போட்ட பருப்புச் சாதம், முள் எடுத்த மீன் எல்லாம் நல்லது. பால் ஒரு நாளைக்கு அரை லிட்டருக்கு மேல் வேண்டாம். பாலிலேயே வயிறு நிறைந்தால் சோறு இறங்காது, இரும்புச் சத்தும் குறையும். டீயில் தொட்ட ரஸ்க்கும் வேண்டாம், டீ இரும்புச் சத்தை உடம்பில் சேரவிடாது.

2019-21ல் நடந்த தேசியக் குடும்பநல ஆய்வில், தமிழ்நாட்டில் 6 மாதம் முதல் 5 வயதுக்குள் இருக்கும் குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை என்று தெரிந்தது. கிராம சுகாதார செவிலியரிடம் கேட்டு இரும்புச் சத்து சிரப்பையும், ஆறு மாதத்துக்கு ஒரு முறை வைட்டமின் 'ஏ' சொட்டையும் குடற்புழு மாத்திரையையும் தவறாமல் கொடுங்கள்.

கண் எட்டாத ஆபத்துகள்

கோவில்பட்டி கடலைமிட்டாய் நமக்கெல்லாம் உயிர். ஆனால் முழுக் கடலை இரண்டு வயதுப் பிள்ளையின் மூச்சுக்குழாயை அடைத்துவிடும். நாலு வயது வரை பொடித்துத்தான் கொடுக்க வேண்டும். இலந்தைப் பழக் கொட்டை, புளியங்கொட்டை, பட்டாணி எதுவும் கைக்கு எட்டக் கூடாது. நுங்கு, திராட்சை என்றால் சின்னச் சின்னதாக நறுக்கிக் கொடுங்கள்.

குழாயில் தண்ணீர் வருகிற அன்று டிரம், அண்டா, வாளி என்று எல்லாவற்றிலும் பிடித்து வைப்பது நம் ஊர் வழக்கம். ஒரு வாளித் தண்ணீரில் தலைகுப்புற விழுந்தாலும் இரண்டு வயதுப் பிள்ளையால் எழ முடியாது. எல்லாவற்றுக்கும் மூடி போடுங்கள், தொட்டியைப் பூட்டி வையுங்கள்.

வத்தல் காய்கிற இடத்தில் பிள்ளையை விடாதீர்கள். வத்தல் தொட்ட கையால் கண்ணைத் தேய்த்துவிட்டால் கையை சோப்புப் போட்டுக் கழுவி, கண்ணில் நல்ல தண்ணீரை நிறைய விட்டு அலசுங்கள். பூச்சிமருந்து, மண்ணெண்ணெய், கற்பூரம், பாச்சை உருண்டை எல்லாம் பூட்டிய அலமாரியில் இருக்கட்டும். மண்ணெண்ணெய் குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள், நுரையீரலுக்குள் போய்விடும். உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.

தூக்கமும் கழிப்பறையும்

பகல் தூக்கத்தையும் சேர்த்து இந்த வயதுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். தினமும் ஒரே நேரத்தில் குளியல், சாப்பாடு, ஒரு காக்கா - நரிக் கதை, விளக்கணைப்பு என்று வரிசையாக நடக்கட்டும். இரண்டு வயதில் நாள் முழுவதும் சேர்த்து டி.வி., செல்போன் ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, குறைவாக இருந்தால் இன்னும் நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் 2019ல் சொல்லியிருக்கிறது.

ஜட்டி இரண்டு மணி நேரம் நனையாமல் இருந்து, 'மூச்சா' என்று பிள்ளை சொல்ல ஆரம்பித்தால் கழிப்பறைப் பழக்கத்தைத் தொடங்கலாம். திட்டி அவசரப்படுத்தினால் மலத்தை அடக்கிக்கொண்டு மலச்சிக்கலில் போய் முடியும்.

எப்போது டாக்டரிடம் போக வேண்டும்?

* இரண்டு வயதாகியும் இரண்டு வார்த்தை சேர்த்துப் பேசவில்லை, அல்லது பேசின வார்த்தையை மறந்துவிட்டது.
* பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை, முகம் பார்ப்பதில்லை.
* அடம் கால் மணி நேரத்துக்கு மேல் அடிக்கடி நீடிக்கிறது, தலையை முட்டிக் காயப்படுத்திக்கொள்கிறது.
* எடை ஏறவில்லை, அல்லது குறைகிறது.

'பையன்தானே, மெல்லப் பேசுவான்' என்று காத்திருக்க வேண்டாம். விளாத்திகுளம் அரசு மருத்துவமனையில் காட்டி ஆலோசனை கேளுங்கள். சீக்கிரம் கண்டுபிடித்தால் பயிற்சியில் நல்ல பலன் கிடைக்கும்.

மற்றபடி, இந்த 'மாட்டேன்' காலம் மூன்று, மூன்றரை வயதில் பேச்சு வளர வளரத் தானே குறைந்துவிடும். நாளைக்குக் காலையில் ஒரே ஒரு மாற்றம் மட்டும் செய்து பாருங்கள். "குளிக்க வா" என்பதற்குப் பதில் "வாளியா, குழாயா?" என்று கேளுங்கள். என்ன பதில் வருகிறது பார்ப்போம்!