பருப்புக்குத் தொட்டுக்கொள்ளச் சோறு

"தினமும் சாம்பார் வைக்கிறோம், புரதத்துக்கு என்ன குறைச்சல்?" சைவக் குடும்பங்களில் இதற்கு மறுபேச்சே கிடையாது. எடையைக் குறைப்பது என்று முடிவானதும் சமையலறைக்கு ஒரு சின்னத் தராசு வாங்கினேன். அதில் முதலில் ஏறியது துவரம்பருப்புதான். நாலு பேருக்குச் சாம்பார் வைக்க என் கை அள்ளிப்போடுவது நூறு கிராம். அதில் இருக்கும் புரதம் ஏறக்குறைய 22 கிராம். ஆளுக்கு ஐந்தரை. அதுவும் கரண்டியை அடிவரை விட்டுக் கலக்கி ஊற்றினால்தான். மேலாக மொண்டு ஊற்றிக்கொள்கிறவருக்குப் புளித்தண்ணீரும் முருங்கைக்காயும்தான் மிச்சம்.

தேவை எவ்வளவு? ஒரு கிலோ உடல் எடைக்கு 0.83 கிராம் என்பது ஐ.சி.எம்.ஆரின் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-ல் சொன்ன அளவு. 70 கிலோ இருப்பவருக்கு 58 கிராம். சாப்பாட்டைக் குறைத்து எடையை இறக்கும்போது கொழுப்போடு தசையும் கரையும் என்பதால், அப்போது கிலோவுக்கு 1.2 கிராமாவது வேண்டும் என்கிறார்கள் உணவியல் நிபுணர்கள். அதாவது 84 கிராம். பால் சம்பந்தப்பட்ட எதுவும் எனக்கு ஒத்துக்கொள்ளாது. எனவே தயிர், பனீர் என்று குறுக்கு வழி இல்லை. எல்லாம் செடியிலிருந்துதான் வந்தாக வேண்டும்.

செடிப் புரதம் தனியாக வருவதில்லை, கூடவே மாவுச்சத்தையோ கொழுப்பையோ இழுத்துக்கொண்டு வரும். அதனால் எதை எடுத்தாலும் ஒரே கணக்குத்தான் பார்ப்பேன். ஒரு கிராம் புரதத்துக்கு எத்தனை கலோரி கொடுக்கிறோம்? அரிசிக்கு ஐம்பது. துவரம்பருப்புக்குப் பதினைந்து, பதினாறு. நிலக்கடலைக்கு இருபத்திரண்டு, பாதாமுக்கு அதைவிட அதிகம். கடலையில் புரதம் இருப்பது உண்மைதான், ஆனால் நூறு கிராம் கொறித்தால் 560 கலோரிக்கு மேல் உள்ளே போய்விடும். எடை குறைக்கிறவருக்கு அது ஒரு கைப்பிடியோடு நிறுத்த வேண்டிய பண்டம். தேங்காயைக் கேட்கவே வேண்டாம், நூறைத் தாண்டும். மீல்மேக்கருக்கு ஏழுகூட ஆகாது.

இந்தக் கணக்கைப் பிடித்துக்கொண்டதும் தட்டே தலைகீழானது. மதியத்துக்கு ஒரு கிண்ணம் நிறையக் கெட்டிக் கூட்டு, பக்கத்தில் பொரியல், ஓரமாக ஒரு கரண்டிச் சோறு. அம்மா முதலில் பார்த்தபோது, "என்னடி இது, கூட்டுக்குச் சோத்தைத் தொட்டுக்கப் போறியா?" என்றாள். அதேதான் என்றேன்.

காலையில் இட்லிக்குப் பதில் பாசிப்பயறு தோசை. 60 கிராம் பயறை ராத்திரி ஊறப்போட்டு இஞ்சி, பச்சைமிளகாயோடு அரைத்தால் புளிக்கவைக்கும் வேலையும் இல்லை. 14 கிராம் வந்துவிடும். அடைக்கு வழக்கமாக அரிசியும் பருப்பும் சரிபாதி போடுவார்கள். நான் அரிசி ஒரு பங்கு, பருப்பு மூன்று பங்கு. ஓரம் மொறுமொறுப்பாக வராது, ஆறினால் விறைத்துவிடும். கல்லிலிருந்து எடுத்த கையோடு சாப்பிட வேண்டும். கொரகொரப்பாக அரைத்தால் கொஞ்சம் தேவலை.

மீல்மேக்கரின் வாடை பலரை விரட்டியிருக்கிறது. சமைக்கும் முறையில்தான் விஷயம். உப்புப் போட்ட கொதிநீரில் பத்து நிமிடம் கிடக்கட்டும். பிறகு பச்சைத்தண்ணீரில் போட்டு உள்ளங்கையில் வைத்து நன்றாகப் பிழிய வேண்டும். முதலில் மஞ்சளாக நுரைத்தண்ணீர் வரும். மறுபடி தண்ணீரில் முக்கிப் பிழிந்தால் தெளிவாக வரும், வாடையும் அதோடு போய்விடும். இரண்டாக நறுக்கி, மிளகு, சோம்பு, கறிவேப்பிலை போட்டுச் சிறுதீயில் சுருளச் சுருள வதக்கினால் மசாலா உள்ளே ஏறும். காய்ந்த நிலையில் 50 கிராம் எடுத்தாலே 26 கிராம் புரதம். டோஃபு இப்போது சூப்பர் மார்க்கெட்டில் சோயா பனீர் என்ற பெயரில் கிடைக்கிறது. புரத அளவு கம்பெனிக்குக் கம்பெனி மாறும், உறையைத் திருப்பிப் படித்துவிட்டு வாங்குங்கள். உதிர்த்து மஞ்சள்தூள் போட்டுப் பொடிமாஸ் செய்வது எனக்குப் பிடித்த ராத்திரிச் சாப்பாடு.

கொழுத்தவனுக்குக் கொள்ளு என்பதை நம்பிக் கொள்ளுத்தண்ணீரை மட்டும் வடித்துக் குடிக்கிறார்கள் பாருங்கள், அங்கேதான் எனக்குத் தாங்காது. புரதம் கொள்ளில் இருக்கிறது, வடித்த தண்ணீரில் பெரிதாக ஒன்றும் இல்லை. கொழுப்பை உருக்கும் மந்திரமும் அதில் கிடையாது. வயிறு நிறைந்து நிற்கும், அவ்வளவுதான். கொங்குப் பக்கத்துக்காரர்கள் விவரமானவர்கள். தண்ணீரில் ரசம் வைத்துவிட்டு, வெந்த கொள்ளைத் தாளித்துக் கடைந்து சோற்றில் போட்டுப் பிசைந்து கொள்வார்கள்.

இத்தனை பயறும் ஒரேயடியாக உள்ளே போனால் வயிறு சும்மா இருக்காது. அளவை வாரம் வாரமாக ஏற்றுங்கள். ஊறவைத்த தண்ணீரைக் கொட்டிவிட்டுப் புதுத்தண்ணீரில் வேகவையுங்கள். பெருங்காயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம். கொண்டைக்கடலை விரலால் நசுக்கினால் மாவாக வேண்டும். சாப்பிட்ட கையோடு காபி, டீ குடித்தால் பயறிலுள்ள இரும்புச்சத்து சரியாகச் சேராது, ஒரு மணி நேரமாவது போகட்டும். சுண்டலில் எலுமிச்சை பிழிந்தால் அது சேர்வதற்கு உதவும்.

அரிசியில் லைசின் குறைவு, பயறில் மெத்தியோனின் குறைவு, இரண்டும் சேர்ந்தால்தான் முழுமை என்பார்கள். சரிதான், ஆனால் ஒரே வேளையில் சேர வேண்டிய கட்டாயமில்லை. ஒரு நாளைக்குள் இரண்டும் வந்தால் போதும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்காமல் புரதத்தைக் கூட்டக் கூடாது.

பி12 பயறிலும் இல்லை, கீரையிலும் இல்லை. பாலையும் விட்டவர்களுக்கு மாத்திரைதான் வழி. ரத்தப் பரிசோதனை செய்து மருத்துவர் சொல்லும் அளவில் எடுத்துக்கொள்கிறேன்.

வெளியூர் போனால்தான் திண்டாட்டம். ஓட்டல் சாப்பாட்டில் கூட்டு என்று ஒரு சின்னக் கிண்ணம் வரும், அதில் பருப்பைத் தேட வேண்டும். அதனால் பையில் எப்போதும் கால் கிலோ பொட்டுக்கடலை இருக்கும். நூறு கிராமில் 20 கிராம் புரதம், கெட்டும் போகாது. பேருந்தில் பக்கத்து சீட்டுக் குழந்தைகளுக்குக் கொடுத்தது போகத்தான் எனக்கு.