கல் தலையில் தொடங்குங்கள்: மெக்சிகோவைக் காலவரிசையில் பார்க்க ஒரு வழி

மெக்சிகோ போகிறவர்களில் பலர் கான்குன் கடற்கரையில் தங்கி, ஒருநாள் சிச்சென் இட்சாவைச் சுற்றிவிட்டு ஊர் திரும்பிவிடுகிறார்கள். அங்கே பார்ப்பது மாயாக்களை மட்டுமே. ஆஸ்டெக்குகளின் தலைநகரமான தெனோச்தித்லான் (இன்றைய மெக்சிகோ நகரம்) அங்கிருந்து ஆயிரம் கிலோமீட்டருக்கும் அப்பால். காலத்தில் இன்னும் தூரம்: ஓல்மெக்குகளின் சான் லொரென்சோ நகரம் கி.மு. 1200 வாக்கில் தழைத்தது, ஆஸ்டெக்குகள் தெனோச்தித்லானை நிறுவியதாகச் சொல்லப்படும் ஆண்டு கி.பி. 1325. இடையில் 2,500 ஆண்டுகள். அதனால் காலவரிசையிலேயே போங்கள் என்கிறேன். முதலில் ஓல்மெக், பிறகு மாயா, கடைசியில் ஆஸ்டெக். ஒருவரிடமிருந்து அடுத்தவருக்கு என்ன கைமாறியது என்பது அப்போதுதான் பிடிபடும். பன்னிரண்டு நாள் ஒதுக்க முடிந்தால் ஓட்டமில்லாமல் பார்க்கலாம்.

நவம்பர் முதல் ஏப்ரல் வரை மழை குறைவு. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு விசா வேண்டும். அமெரிக்கா, கனடா, பிரிட்டன், ஜப்பான் அல்லது ஷெங்கன் விசா கையில் இருந்தால் சுற்றுலாவுக்குத் தனி விசா கேட்காமல் அனுமதிப்பது வழக்கம். விதிகள் மாறக்கூடியவை என்பதால் டிக்கெட் எடுக்கும் முன் தூதரகத்தின் இணையதளத்தைப் பார்த்துவிடுங்கள்.

மெக்சிகோ நகரில் இறங்கியதும் அங்கேயே சுற்றத் தொடங்காதீர்கள். ஓர் இரவு தூங்கி எழுந்து, தாப்போ பேருந்து நிலையத்தில் ஹலாப்பாவுக்கு வண்டி ஏறுங்கள். ஐந்து மணி நேரப் பயணம். மலையோர ஊரான ஹலாப்பாவின் மானுடவியல் அருங்காட்சியகத்தில் ஓல்மெக்குகளின் பெருந்தலைகள் ஏழு இருக்கின்றன. இதுவரை கிடைத்தவை மொத்தம் 17தான். சான் லொரென்சோவின் முதல் தலை 2.85 மீட்டர் உயரம், 25 டன் எடை. துஷ்த்லா மலைப்பகுதியின் எரிமலைப் பாறை அது. இழுக்க மாடும் இல்லை, குதிரையும் இல்லை, வண்டிச் சக்கரமும் இல்லாத காலத்தில் அறுபது கிலோமீட்டருக்கும் மேல் அதைக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

ஏழையும் ஒரே மூச்சில் பார்த்துவிட்டு நகராதீர்கள். ஒவ்வொன்றின் தலைக்கவசமும் வேறு, உதடும் வேறு, நெற்றிச் சுருக்கமும் வேறு. சான் லொரென்சோவின் 9ஆம் எண் தலையின் முன் நின்றால் அது புன்னகைப்பது தெரியும். ஆட்சி செய்த ஆட்களின் உருவங்கள் இவை என்று அறிஞர்கள் சொல்வதை அந்த முகத்தைப் பார்த்ததும் ஒப்புக்கொள்வீர்கள். சில தலைகள் பழைய கல் அரியணைகளைத் திருப்பிச் செதுக்கிச் செய்தவை. பக்கவாட்டில் குனிந்து பார்த்தால் அதன் தடம் தெரியும்.

இதே அருங்காட்சியகத்தில் லா மொஹர்ரா என்ற இடத்து ஆற்றிலிருந்து 1986இல் எடுத்த கல் ஒன்று நிற்கிறது. ஓல்மெக் நகரங்கள் அடங்கிப் பல நூற்றாண்டுகள் கழிந்த பின், அதே மண்ணில் செதுக்கிய கல். அதில் புள்ளிகளும் கோடுகளும் வரும் இடத்தைத் தேடுங்கள். புள்ளி என்றால் ஒன்று, கோடு என்றால் ஐந்து. இரண்டு கோடும் மூன்று புள்ளியும் பதின்மூன்று. இவ்வளவுதான் பாடம். இதை மனதில் வைத்துக்கொண்டால் இனி நீங்கள் பார்க்கும் மாயாக் கற்களில் தேதியின் எண்களை நீங்களே வாசித்துவிடலாம்.

அடுத்து ஓர் இரவுப் பேருந்தில் வில்லாஹெர்மோசா. ஓல்மெக்குகளின் இன்னொரு நகரமான லா வெந்தாவில் எண்ணெய் தேடத் தொடங்கியபோது, கவிஞர் கார்லோஸ் பெயிசெர் அங்கிருந்த ஓல்மெக் சிற்பங்களை இந்த ஊருக்குக் கொண்டுவந்து, மரங்களுக்கிடையே வைத்து 1958இல் பூங்காவாகத் திறந்தார். 4ஆம் பலிபீடம் என்று பெயர் பெற்ற கல்லைத் தவறவிடாதீர்கள்: குகை வாயிலிலிருந்து ஒருவர் வெளியே வருகிறார், கையில் கயிறு, அதன் மறுமுனை பீடத்தின் பக்கவாட்டில் இருப்பவரைக் கட்டியிருக்கிறது. கொசு விரட்டும் களிம்பு இங்கே கட்டாயம்.

வில்லாஹெர்மோசாவிலிருந்து இரண்டரை மணி நேரத்தில் மாயாக்களின் பலென்கே. என் கணக்கில் இந்தப் பயணத்தின் உச்சம் இதுதான், இரண்டு நாள் கொடுங்கள். காலையில் கதவு திறக்கும்போதே உள்ளே போய்விட்டால், ஊளைக்குரங்குகளின் உறுமலோடு கோயில்கள் பனிமூட்டத்திலிருந்து வெளிவருவதைப் பார்க்கலாம். பத்து மணிக்கு மேல் வெயிலும் கூட்டமும் சேர்ந்துகொள்ளும்.

கல்வெட்டுக் கோயிலின் கதையைத் தெரிந்துகொண்டு போங்கள். 1949இல் தொல்லியலாளர் அல்பெர்தோ ருஸ் அதன் தளத்தில் துளைகள் இட்ட ஒரு பலகைக்கல்லைக் கவனித்தார். தூக்கிப் பார்த்தால் கீழே படிக்கட்டு, முழுக்கக் கல்லும் மண்ணும் அடைத்து மூடியது. அதைத் தூர்வாரி அடிவரை இறங்க 1952 ஆகிவிட்டது. அங்கே இருந்தது கி.பி. 615 முதல் 683 வரை ஆண்ட பகால் மன்னனின் கல்லறை. படிக்கட்டின் ஓரமாகக் கல்லறையிலிருந்து கோயில் தளம் வரை ஒரு கல்குழாய் ஏறி வருகிறது. இறந்தவரோடு தொடர்பு அறுந்துவிடக் கூடாது என்று கட்டியிருக்கிறார்கள். கல்லறைக்குள் இன்று பார்வையாளர்களை விடுவதில்லை. அருகிலுள்ள அருங்காட்சியகத்தில் அதன் மாதிரி இருக்கிறது. மன்னனின் பச்சைக்கல் முகமூடி மெக்சிகோ நகரில் உங்களுக்காகக் காத்திருக்கிறது.

பலென்கேயிலிருந்து மெரிடா பக்கம் போக மாயா ரயில் இருக்கிறது. 2023 டிசம்பரில் ஓடத் தொடங்கியது. இருக்கையை முன்கூட்டியே பதிவு செய்யுங்கள். மெரிடாவின் நிலையம் நகருக்கு வெளியே தேயாவில் இருக்கிறது, இணைப்புப் பேருந்துக்கும் நேரம் ஒதுக்குங்கள்.

மெரிடாவிலிருந்து போய்ச் சிச்சென் இட்சாவை அரை நாளில் முடிக்கலாம், ஆனால் கான்குன் பேருந்துகள் வந்து சேருமுன். இரண்டு டிக்கெட் எடுக்க வேண்டும், ஒன்று மத்திய அரசுக்கு, ஒன்று மாநிலத்துக்கு. பெரிய பிரமிடின் நான்கு பக்கமும் 91 படிகள், உச்சி மேடையையும் சேர்த்தால் 365. ஏற அனுமதி இல்லை. முன்படிக்கட்டுக்கு எதிரே நின்று ஒருமுறை கைதட்டுங்கள், பறவை கீச்சிடுவதுபோல எதிரொலி வரும்.

வழிகாட்டிகள் சிலர் மாயாக்கள் மாயமாய் மறைந்தார்கள் என்பார்கள். நம்பாதீர்கள். கைவிடப்பட்டவை நகரங்களே. மாயா மொழிகளைப் பேசுவோர் இன்றும் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அருகிலுள்ள வயதோலித் ஊர்ச் சந்தையில் உங்களிடம் பழம் விற்கும் அம்மா பக்கத்துக் கடைக்காரரிடம் பேசுவது யுகதெக் மாயாவாக இருக்கக்கூடும். அவர்களைப் படமெடுக்கும் முன் கேளுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒன்று. சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் வேகவைத்து அரைத்துச் செய்த தோர்த்தியா எங்கும் கிடைக்கும். அவரை மசியலில் பன்றிக்கொழுப்பு சேர்ப்பது வழக்கம், அதனால் "சின் கார்னே" என்பதோடு நிற்காமல் "சின் மந்தேகா" என்றும் சொல்லுங்கள். முதலாவது இறைச்சி வேண்டாம், இரண்டாவது கொழுப்பு வேண்டாம்.

மெரிடாவிலிருந்து விமானத்தில் மெக்சிகோ நகரம். கடல்மட்டத்திலிருந்து 2,240 மீட்டர் என்பதால் முதல் நாள் படி ஏறினால் மூச்சு வாங்கும். சொகலோ சதுக்கத்தின் மூலையில் தெம்ப்ளோ மயோர், ஆஸ்டெக்குகளின் தலைமைக் கோயில். 1978இல் மின்வாரியத் தொழிலாளர்கள் தோண்டும்போது மூன்று மீட்டருக்கு மேல் அகலமான ஒரு வட்டக்கல் கிடைத்தது. அதிலிருந்துதான் பெரிய அகழாய்வே தொடங்கியது. அந்தக் கல்லில் இருப்பவள் கொயோல்ஷவ்கி, தம்பியான போர்க்கடவுள் வெட்டி மலையிலிருந்து உருட்டிவிட்ட தேவி. அருங்காட்சியகத்தின் மேல்தளத்திலிருந்து குனிந்து பார்த்தால் முழு உருவமும் விளங்கும்: தனித்தனியாகக் கிடக்கும் கைகால்கள், கன்னத்தில் மணிகள், மூட்டுகளில் பல்லிளிக்கும் முகங்கள். கோயில் படிக்கட்டின் அடியிலேயே அது கிடந்தது. மேலே பலியானவர்களின் உடல்கள் வந்து விழுந்த இடமும் அதுவே.

மெக்சிகோ நகருக்கு அருகிலுள்ள தியோதிவாகானை ஆஸ்டெக் நகரம் என்று விற்பார்கள். ஆஸ்டெக்குகள் வந்தபோதே அது பாழடைந்து பல நூற்றாண்டுகள் ஆகியிருந்தன. அரை நாள் போய் வரலாம். பினோ சுவாரெஸ் மெட்ரோ நிலையத்துக்குள் ஒரு சிறு ஆஸ்டெக் கோயில் நிற்கிறது, ரயில் மாறும்போதே பார்த்துவிடலாம்.

கடைசி நாளை சபுல்தெபெக் பூங்காவின் தேசிய மானுடவியல் அருங்காட்சியகத்துக்கு முழுதாகக் கொடுங்கள். திங்கள் விடுமுறை, தெம்ப்ளோ மயோருக்கும் அப்படியே. ஞாயிறு உள்ளூர்க்காரர்களுக்கு இலவசம், கூட்டம் நெரியும். ஆஸ்டெக்குகளின் 24 டன் சூரியக்கல் முன்னால்தான் எல்லோரும் நிற்பார்கள். நீங்கள் முதலில் வளைகுடாக் கரைக் கூடத்துக்குப் போய், த்ரெஸ் சபோத்தெஸ் ஊரின் 'சி' கல்லைத் தேடுங்கள். மேலிருந்து கீழாகப் புள்ளிகளையும் கோடுகளையும் கூட்டினால் 16, 6, 16, 18 வரும். உச்சியில் இருக்க வேண்டிய 7 உடைந்த மேற்பாதியில் இருக்கிறது, அது அந்த ஊரிலேயே. சேர்த்துப் படித்தால் கி.மு. 32.