புள்ளி ஒன்று குறைந்தால்

தொலைக்காட்சித் திரைமீது உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றை வைத்து நோக்கினால், அங்குச் சிரித்துக்கொண்டிருந்த முகம் மறைந்துவிடும். சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று நிறத் துணுக்குகள் வரிசை வரிசையாக ஒளிர்வது மட்டும் தெரியும். இம்மூன்றும் சேர்ந்தது ஒரு படப்புள்ளி. பேச்சு வழக்கில் இதனைப் பிக்சல் என்பர். இன்று பல வீடுகளில் உள்ள திரையில் குறுக்காக 1920, நெடுக்காக 1080 என மொத்தம் 20,73,600 படப்புள்ளிகள் உள்ளன. அவை கண்ணுக்குத் தெரியாமல் இருக்க வேண்டும் என்பதே திரை செய்வோரின் எண்ணம்.

படப்புள்ளி ஓவியமோ புள்ளியை மறைப்பதில்லை. கட்டங்களாகப் பிரித்த தளத்தில், எந்தக் கட்டத்திற்கு எந்த நிறம் என ஓவியர் ஒவ்வொன்றாகத் தேர்ந்து நிரப்புகிறார். இக்கலை தேவையால் பிறந்தது. தொடக்க காலத் திரைவிளையாட்டுக் கருவிகளின் நினைவகம் மிகச் சிறியது. ஓர் உருவத்திற்குக் கிடைத்தவை சில கட்டங்களே. 1981ஆம் ஆண்டில் ஜப்பானியரான ஷிகெரு மியாமோட்டோ, ‘டாங்கி காங்’ என்னும் விளையாட்டிற்காக ஒரு தச்சனை வரைந்தார். வாயை வரைய இடமில்லை. மூக்கின்கீழ் மீசை வைத்தார். தலைமயிரை வரைவது கடினம், தொப்பி அணிவித்தார். கையசைவு தெரிய வேண்டும். சட்டைக்கும் அதன்மேல் அணிந்த ஆடைக்கும் வேறு வேறு நிறம் தந்தார். மாரியோ எனப் பின்னர்ப் பெயர்பெற்ற அவ்வுருவத்தின் புகழ்பெற்ற மீசை, இடநெருக்கடி தந்த மீசையே!

அலைபேசியில் நாள்தோறும் அனுப்பப்படும் உணர்ச்சிப் படங்களுக்கும் இத்தகைய வரலாறு உண்டு. 1999இல் ஷிகெடாகா குரிட்டா என்பவர் ஜப்பானிய அலைபேசி நிறுவனம் ஒன்றிற்காக 176 சிறு படங்களை உருவாக்கினார். ஒவ்வொன்றும் 12 வரிசை, வரிசைக்கு 12 கட்டம். ஆக 144 கட்டங்களுக்குள் மழை, இதயம், முகம் அனைத்தும் அடங்கின. 2016இல் நியூயார்க் நகரின் நவீன கலை அருங்காட்சியகம் அவற்றைத் தன் சேகரிப்பில் சேர்த்துக்கொண்டது.

கட்டத்தில் உருவம் அமைக்கும் இக்கணக்கு நெய்யாற்றின்கரை வட்டாரத்திற்குப் புதிதன்று. திருவனந்தபுரம் செல்லும் வழியில் உள்ள பலராமபுரம் கைத்தறிக்குப் பெயர்பெற்ற ஊர். திருவிதாங்கூர் மன்னர் பலராம வர்மரின் காலத்தில் (1798–1810) தமிழ்ப் பகுதிகளிலிருந்து வரவழைக்கப்பட்ட சாலியர் அங்குக் குடியேறி நெய்யத் தொடங்கினர். குழித்தறியில் நெடுக்காக ஓடும் இழை பாவு. குறுக்காக ஓடுவது ஊடை. இரண்டும் சந்திக்கும் ஒவ்வோர் இடத்திலும் ஊடை மேலே செல்லலாம், அல்லது கீழே செல்லலாம்; மூன்றாவது வழி இல்லை. கசவுக் கரையில் எழும் பூவும் இலையும் இத்தகைய மேல், கீழ்த் தேர்வுகளின் கூட்டமே. திரையில் ஒரு புள்ளி ஒளிர்வதும் அணைவதும் போன்றதே இது.

வாசலில் இடும் புள்ளிக் கோலத்தையும் அறிஞர்கள் இவ்வாறே நோக்கினர். சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, இராணி சிரோமணி ஆகியோர் கமலா கிருத்திவாசனுடன் இணைந்து, கோல வடிவங்களைக் கணினிக்குரிய விதிகளாக எழுதிக்காட்டிய ஆய்வுக்கட்டுரையை 1974இல் வெளியிட்டனர். வீட்டுக் கணினி என்பதே இந்நாட்டில் அறியப்படாத காலம் அது.

எல்லையோரத்தில் வாழ்வோர்க்கு இக்கலையில் தனியே கவனிக்கத்தக்க செய்தி ஒன்று உண்டு. 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு வட்டம் தமிழ்நாட்டுடன் இணைந்தது. பாறசாலையை உள்ளடக்கிய நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. இப்பகுதிப் பிள்ளைகள் தமிழ், மலையாளம் ஆகிய இரண்டின் எழுத்துகளையும் அன்றாடம் காண்கின்றனர். ‘நெய்யாற்றின்கரை’ என்னும் பெயரை மின்னொளிப் பலகையில் எழுதுவதாகக் கொள்வோம். மலையாளத்தில் ‘ய்ய’, ‘ற்ற’ ஆகியவை கூட்டெழுத்துகள்; ‘ன்’ தனிவடிவம் உடைய சில்லெழுத்து. எனவே தலைப்புள்ளிக்கு அங்கு வேலையில்லை. தமிழிலோ ய், ற், ன் என மூன்று எழுத்துகள் புள்ளி பெற வேண்டும். எழுத்தின் உயரத்திற்கு மட்டும் கட்டங்களை அளந்து, புள்ளிக்கு இடம் ஒதுக்க மறந்தால், பலகையில் ‘நெயயாறறினகரை’ என்றே ஒளிரும். அது எந்த ஊர்?

மெய்யெழுத்துப் புள்ளி பெறும் என்பது தொல்காப்பியம் கூறும் விதி. ஆயினும் ஓலையில் எழுதியோர் பலர், ஓலை கிழியும் என அஞ்சிப் புள்ளியை விட்டுவிட்டனர். தமிழ் நன்கறிந்தோர் இடம் நோக்கி உணர்ந்துகொண்டனர். இப்போதுதான் எழுத்துக்கூட்டிப் படிக்கும் சிறுவனுக்கு அவ்வாறு ஊகிக்க இயலாது. அவனுக்கு அந்த ஒரு புள்ளி வேண்டும். சுழிகளின் நிலையும் இதுவே. ‘ட’, ‘ப’ ஆகியவை நேர்கோடுகளால் ஆனவை. சில கட்டங்களிலேயே அடங்கும். மூன்று சுழி ‘ண’வை மிகக் குறுகிய இடத்தில் அடக்க முயன்றால் அது இரண்டு சுழி ‘ன’வாகிவிடும்.

கணினியில் வரைவோர் ‘ஜிம்ப்’ போன்ற இலவச மென்பொருளில் தூரிகையை விடுத்துப் பென்சில் கருவியைக் கொள்வது நன்று. தூரிகை ஓரங்களை மங்கச் செய்யும். படத்தை பி.என்.ஜி. வடிவில் சேமித்தால் கட்டங்கள் கூர்மை குன்றாமல் இருக்கும். ஓவியர்கள் தம் படைப்புகளை வெளியிடும் இணையத்தளங்கள் பலவற்றில் 13 வயது நிரம்பியோரே கணக்குத் தொடங்க இயலும். கட்டத்தாளுக்கு அவ்வித வரம்பு ஏதும் இல்லை.

செயல்

1. வீட்டில் உள்ள ஒருவர் விரும்பிக் காணும் தொலைக்காட்சிப் பாத்திரத்தைக் கட்டத்தாளில் 12 × 12 கட்டங்களுக்குள், மூன்று நிறங்களால் வரைக. பெயர் கூறாமல் அவரிடம் காட்டுக. அவர் கண்டறியாவிடில், ஒரே ஒரு கட்டத்தை மாற்றி மீண்டும் காட்டுக.

2. ‘பாறசாலை’, ‘களியக்காவிளை’, ‘நெய்யாற்றின்கரை’ ஆகிய பெயர்களில் புள்ளி பெறும் எழுத்துகளை எண்ணுக. எப்பெயரில் புள்ளியே இல்லை?

3. ‘ண’, ‘ன’ இரண்டையும் முதலில் 7 × 7 கட்டங்களிலும், பின்னர் 5 × 5 கட்டங்களிலும் வரைக. எந்த அளவில் வேறுபாடு மறைகிறது எனக் காண்க.