ராஸ்பெர்ரி பை நெட் வேகத்தைக் கூட்டாது

“ராஸ்பெர்ரி பையை ரவுட்டரா மாத்தினா நெட் ஸ்பீடு டபுள் ஆகுமாமே சார்?” உள்ளங்கை அளவுக் கணினியான ராஸ்பெர்ரி பையைப் பற்றி எங்கே போனாலும் யாராவது இப்படிக் கேட்டுவிடுகிறார்கள். ஆகாது. 100 எம்பிபிஎஸ் பிளானுக்குப் பணம் கட்டினால் 100தான் வரும். அந்த வரம்பு போடப்படுவது இணைய நிறுவனத்தின் பக்கத்தில். உங்கள் வீட்டில் எந்தப் பெட்டியை வைத்தாலும் அது மாறப்போவதில்லை.

மாடல் பார்க்காமல் வாங்கினால் வேகம் குறையவும் கூடும். 2016இல் வந்த பை 3-இன் ஈதர்நெட் போர்ட்டே 100 எம்பிபிஎஸ்தான். 2018இன் 3பி பிளஸ்ஸில் கிகாபிட் என்று போட்டிருந்தாலும் டேட்டா யுஎஸ்பி 2.0 வழியாகப் போவதால் சுமார் 300-ஐத் தாண்டாது. முழு கிகாபிட் கிடைப்பது 2019இல் வந்த பை 4-இலிருந்துதான். அதிலும் ஒரே போர்ட். மோடத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என ரவுட்டருக்கு இரண்டு வேண்டுமே! யுஎஸ்பி 3.0 ஈதர்நெட் அடாப்டர் வாங்கி நீல நிற போர்ட்டில் செருகுங்கள். கறுப்பில் செருகினால் பழைய கதைதான்.

பிறகு ஏன் சிலர் “நெட் பறக்குது” என்கிறார்கள்? அவர்களுக்குத் தீர்ந்தது வேறு பிரச்சினை. ஒருவர் போட்டோக்களை அப்லோட் செய்யும்போது இன்னொருவரின் வீடியோ காலில் குரல் வெட்டுகிறதல்லவா? டேட்டா பாக்கெட்டுகள் வரிசையில் தேங்குவதே காரணம். பையில் ஓபன்டபிள்யூஆர்டி என்ற ரவுட்டர் மென்பொருளைப் போட்டு, இந்த வரிசையைச் சீராக்கும் எஸ்க்யூஎம் பகுதியில் ‘கேக்’ முறையைத் தேர்ந்து, உண்மையான வேகத்தைவிடச் சற்றுக் குறைவாக வரம்பு வையுங்கள். ஒரு விண்டோவில் பிங் ஓடட்டும், இன்னொன்றில் ஸ்பீடு டெஸ்ட். முன்பு நூற்றுக்கணக்கான மில்லிசெகண்டுக்கு எகிறிய பிங் இப்போது அடங்கியிருக்கும். ஸ்பீடு டெஸ்ட் காட்டும் எண்ணோ கொஞ்சம் இறங்கியிருக்கும்! இதைத்தான் ‘டபுள்’ என்று பரப்புகிறார்கள்.

பையைப் பற்றி வேறு நம்பிக்கைகளும் உண்டு. அதில் ஓடும் விளம்பரத் தடுப்பான் பை-ஹோல் யூடியூப் விளம்பரத்தை நிறுத்தாது. வீடியோ வரும் அதே முகவரிகளிலிருந்துதான் விளம்பரமும் வருகிறது. பையில் ஓடுவது லினக்ஸ் என்பதாலேயே பாதுகாப்பும் வந்துவிடாது. கடையில் விற்கும் பல ரவுட்டர்களிலும் ஓடுவது லினக்ஸ்தான். அப்டேட் போடுகிறீர்களா என்பதே கேள்வி. பையின் வைஃபையை வீடு முழுவதற்கும் நம்பாதீர்கள். பழைய ரவுட்டரில் ஐபி முகவரி வழங்கும் டிஹெச்சிபியை அணைத்து ஆக்சஸ் பாயின்ட்டாக்குங்கள்.

இவ்வளவு மெனக்கெடுபவர்கள் டிவியை மட்டும் வைஃபையில் விடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. வீடு கட்டுகிறவர்கள் கரண்டுக்கு பைப் பதிக்கும்போதே லேன் கேபிளுக்கும் ஒவ்வோர் அறைக்கும் தனி பைப் போடச் சொல்லுங்கள். கேட் 6 கேபிளில் உள்ள எட்டுக் கம்பிகளும் சரியாக இருந்தால்தான் கிகாபிட். ஒன்று அறுந்தாலும் 100-க்கு இறங்கலாம், இணைப்பே போகவும் கூடும். மலிவாகக் கிடைக்கிறதென்று செம்பு பூசிய அலுமினியக் கேபிளை வாங்காதீர்கள். முழுச் செம்புக் கேபிள்தானா என்று கேட்டு வாங்குங்கள்.