செஸ் படித்தால் கணிதம் வருமா?

கேள்வி: மொனராகலைப் பக்கம் ஒரு தோட்டப் பாடசாலையில் தொண்டர் ஆசிரியையாக இருக்கிறேன். பாடசாலை விட்டதும் பிள்ளைகளுக்கு செஸ் சொல்லிக்கொடுக்க ஆசை. "இதனால் கணிதப் புள்ளி கூடுமா?" என்று கேட்கிறார் அதிபர். "புலமைப்பரிசில் வகுப்புக்கே காசில்லை, இது எதுக்கு டீச்சர்?" என்கிறார்கள் அம்மாமார். செஸ் மூலம் இந்தப் பிள்ளைகளுக்குப் படிப்பில் ஒரு வழி திறக்கும் என்று நான் நம்புவது சரியா? எங்கிருந்து தொடங்குவது?
– வாசகி, மொனராகலை

பதில்: கணிதப் புள்ளி கூடும் என்று அதிபருக்கு வாக்குக் கொடுத்துவிடாதீர்கள், டீச்சர். இங்கிலாந்தில் 100 ஆரம்பப் பாடசாலைகளில், 4,000 பிள்ளைகளை வைத்து இதைச் சோதித்துப் பார்த்தார்கள். பாதிப் பாடசாலைகளில் 30 மணி நேரம் செஸ் கற்பித்தார்கள், மீதிப் பாதியில் இல்லை. ஒரு வருடம் கழித்துக் கணிதப் பரீட்சையில் இரு பக்கத்துக்கும் வித்தியாசமே இல்லை என்று 2016இல் அறிக்கை வந்தது. செஸ் மூளையை வளர்க்கும் என்று விளம்பரம் செய்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

அப்படியானால் வழி திறக்காதா? திறந்திருக்கிறது, உகண்டாவில். கம்பாலா நகரின் கட்வே சேரியில் ரொபேர்ட் கட்டெண்டே என்பவர் செஸ் சொல்லிக்கொடுத்தார். வந்த பிள்ளைகளுக்கு ஒரு கோப்பை கஞ்சியும் கொடுத்தார். அண்ணன் பின்னால் அங்கே போனவள் பியோனா முத்தேசி. கட்டணம் கட்ட வழியில்லாமல் பாடசாலையை விட்டிருந்த சிறுமி. 2010இல் ரஷ்யாவில் நடந்த செஸ் ஒலிம்பியாட்டில் தன் நாட்டுக்காக ஆடினாள். பிற்பாடு அமெரிக்காவில் பல்கலைக்கழகம் வரை படித்தாள். 2016இல் அவள் கதை திரைப்படமாகவும் வந்தது.

அந்தப் படத்தைப் பார்க்கிறவர்கள் கஞ்சியை மறந்துவிடுகிறார்கள். கட்வேயில் கதவைத் திறந்தது பலகை மட்டும் அல்ல. வருடக்கணக்காக விடாமல் வந்த ஒரு பெரியவர், பசிக்குக் கொஞ்சம், பாடசாலைக் கட்டணத்துக்கு ஓர் உதவித்தொகை. பிள்ளையைத் தினமும் ஒரே இடத்துக்கு வரவைத்தது செஸ். மற்றவை மனிதர்கள் செய்தவை.

இந்திய செஸ் வீரர் குகேஷைக் காட்டி ஆசை காட்ட வேண்டாம் என்பேன். 2024 டிசம்பரில் 18 வயதில் அவர் உலக சாம்பியனானபோது எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது. ஆனால் அவருடைய அப்பா காது, மூக்கு, தொண்டை சத்திரசிகிச்சை நிபுணர். மகனோடு நாடு நாடாகப் போவதற்காகத் தன் தொழிலையே ஒதுக்கி வைத்தவர். நாட்சம்பளத்தில் வாழும் லயத்து அப்பா ஒரு நாள் வேலைக்குப் போகாவிட்டால் அன்றைய சம்பளம் இல்லை. செஸ் மலிவான விளையாட்டு என்பார்கள். பலகை மலிவுதான், பயணம் மலிவில்லை.

பல்கலைக்கழக அனுமதியையும் நேர்மையாகச் சொல்லுங்கள். விளையாட்டில் தேசிய மட்டத்தில் சாதித்தவர்களுக்கு விசேட இடங்கள் உண்டு. மிகக் கொஞ்சம். அதற்கும் உயர்தரத்தில் தேவையான பெறுபேறு வேண்டும். செஸ்ஸை விட உங்கள் பிள்ளைகளுக்கு உதவக்கூடியது, மொனராகலையும் பதுளையும் கல்வியில் பின்தங்கிய மாவட்டங்களின் பட்டியலில் இருப்பதுதான். அந்த மாவட்டங்களுக்கான பல்கலைக்கழக ஒதுக்கீடு உயர்தரம் வரை நின்றுபடிக்கிற பிள்ளைக்கே பயன்படும். சாதாரண தரத்துக்கு முன்னாலேயே கொழும்புக் கடைக்கோ வீட்டு வேலைக்கோ போய்விடுகிற பிள்ளைக்கு எந்த ஒதுக்கீடும் எட்டாது. ஆக, உங்கள் செஸ் வகுப்பின் வேலை பிள்ளையைப் பாடசாலையில் பிடித்து வைப்பது. அதிபருக்கு வாக்குக் கொடுப்பதென்றால் வரவுப் பதிவேட்டைப் பற்றிக் கொடுங்கள், புள்ளியைப் பற்றி வேண்டாம்.

தொடங்கும்போது ஐந்தாம் தரத்தைத் தொடாதீர்கள். புலமைப்பரிசில் முடியும்வரை அம்மாமாரோடு மோத வேண்டியதில்லை. நாலாம் தரமும் ஆறாம், ஏழாம் தரங்களும் போதும். முதல் நாளிலேயே எல்லாக் காய்களையும் அடுக்கவும் வேண்டாம். சிப்பாய்களை மட்டும் வையுங்கள். எவருடைய சிப்பாய் முதலில் மறுகரைக்குப் போகிறதோ அவருக்கு வெற்றி. அரை மணி நேரத்தில் பிள்ளைகள் சத்தம் போட்டுச் சிரிப்பார்கள். பிறகு ராஜா, யானை, கடைசியாகக் குதிரை. குதிரைதான் எல்லோரையும் குழப்பும்.

நகர்த்தலை எழுதவும் பழக்குங்கள். கட்டங்களுக்கு ஆங்கில எழுத்தும் எண்ணும்தான் பெயர். சிங்களப் பிள்ளையும் தமிழ்ப் பிள்ளையும் அதை ஒரே மாதிரித்தான் எழுதுகிறார்கள். மொழி தெரியாத போட்டி மண்டபத்துக்குள் முதல் முறை போகும் பிள்ளைக்கு இது சின்ன தைரியம் இல்லை. கைத்தொலைபேசி ஒன்று கிடைத்தால் லிசெஸ் செயலி போதும். காசும் இல்லை, விளம்பரமும் இல்லை.

பெண்பிள்ளைகளைத் தனியாகக் கவனியுங்கள். வகுப்பில் நன்றாக ஆடுகிறவள் வலயப் போட்டி என்றதும் நின்றுவிடுவாள். வீட்டில் விட மாட்டார்கள். அதனால் பேருந்துக் காசு சேர்க்கும்போதே, அவளுடைய அம்மாவுக்கு ஓர் இருக்கையையும் அன்று அவர் இழக்கும் நாட்சம்பளத்தையும் சேர்த்துக் கணக்குப் போடுங்கள். காசு கேட்டு ஊர்ப் பெரியவர்களிடமோ பழைய மாணவர்களிடமோ போகும்போது, பலகைக்கு என்று கேட்காமல் இதற்கு என்று கேளுங்கள்.